எந்த ஸ்டேஷனில் ரைட்டர்?

திருவாண்டார்கோயில் பஞ்சநதீஸ்வரர் கோயில் மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பெரியவர், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸாருக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்டார்.

"எழுத்தாளன்" என்றேன்.

"ஓஹோ" என்றார். அந்த ஓஹோவில் சுரத்தே இல்லை. ஏதோ வேலை கிடைக்காமல் சுற்றுகிற ஆசாமி என்று தீர்மானித்துவிட்டது தெரிந்தது. என்னுடன் வந்திருந்த சிநேகிதருக்கு இது பொறுக்கவில்லை. அவர் உள்ளூர்க்காரர்; என்னை அழைத்து வந்த கௌரவம் அவருடையது. "ஸார் ரைட்டர்" என்று அழுத்தமாக எடுத்துக் கொடுத்தார்.

பெரியவர் முகம் மாறிவிட்டது. சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மேல் துண்டு தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கிற்று. "அப்படீங்களா! எந்த ஸ்டேஷன்லே?" என்றார்.

பதினெட்டு வருஷமாகக் கதை எழுதிச் சம்பாதிக்க முடியாத மரியாதையை ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஒரு நொடியில் சம்பாதித்துக் கொடுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. அந்தக் கேள்விக்கு நடுவேதான் நான் வளர்ந்தேன்.

சின்ன வயதில் ரைட்டர் என்ற வார்த்தைக்கு எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம், அப்பா. எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் அவர் வெகுகாலம் ரைட்டராக இருந்தார். எங்கள் வீட்டுக்கு ரைட்டர் வீடு என்று பெயர். எங்கள் பசு ரைட்டர் வீட்டுப் பசு. நான் ரைட்டர் பையன். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார் ஒரு நாள், ஷேக்ஸ்பியர் மகா பெரிய ரைட்டர் என்று சொன்னபோது, தாடி வைத்த ஒரு மனிதர் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று காகிதங்களுக்கு நடுவே இரண்டு கார்பன் தாளைச் செருகுவதாக என் மனசில் ஒரு படம் விழுந்தது. அந்தப் படம் இன்றைக்கும் முழுசாக அழியவில்லை.

கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தேன். அதற்கு மேல் படிப்பு ஓடவில்லை. அந்த இரண்டு வருஷத்திலும் வகுப்பறையைவிட லைப்ரரியில்தான் அதிகம் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒரு சரித்திரப் புஸ்தகத்தில், ராபர்ட் கிளைவ் 1744-ல் சென்னப்பட்டணத்துக்கு ரைட்டராக வந்து இறங்கினான் என்று படித்தேன். ஐயோ, இவன் எழுதின புஸ்தகம் எது என்று நான் தேடினது நிஜம். கும்பினியில் ரைட்டர் என்பது அடிமட்ட உத்தியோகம் என்று பிறகுதான் தெரிந்தது. ரைட்டர், அதற்கு மேல் பாக்டர், அதற்கு மேல் ஜூனியர் மர்ச்சண்ட், அப்புறம் சீனியர் மர்ச்சண்ட். ஐந்து வருஷம் ரைட்டராக மாரடித்தால் பாக்டர் ஆகலாம். அந்தப் பாக்டர்கள் தங்கி வியாபாரம் பார்த்த இடத்துக்குத்தான் பாக்டரி என்று பெயர். அங்கே ஒரு யந்திரம்கூட ஓடவில்லை, ஓடினதெல்லாம் பேரம்தான்.

ரைட்டருக்குச் சம்பளம் வருஷத்துக்கு 5 பவுன். மாசத்துக்கு அல்ல, வருஷத்துக்கு. வேலை, நகல் எடுப்பது. கோட்டைக் கவுன்ஸிலில் பெரியவர்கள் பேசினதை எழுத வேண்டும். லண்டனுக்குப் போகும் கடிதங்களை ஒன்றுக்கு இரண்டாக, மூன்றாக எழுத வேண்டும். ஒவ்வொரு பிரதி ஒவ்வொரு கப்பலில் போகும். ஒரு கப்பல் முழுகினாலும் இன்னொன்று போய்ச் சேருமல்லவா? பதினெட்டு வயசுப் பையன், ஊர் புழுக்கம், மெழுகுவர்த்தி, பிறத்தியார் வார்த்தை. கிளைவுக்கு இது பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது தப்பி ஓடி, கடலூருக்குப் பக்கத்தில், இந்தப் புதுச்சேரியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படியான தேவனாம்பட்டினம் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். மறு வருஷம் பேனாவை வைத்துவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டான். அதற்கு மேல் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் பேர் பெற்ற யேல் சர்வகலாசாலைக்கு 1718-ல் பெயர் கொடுத்த எலிஹு யேல், 1672-ல் இதே சென்னைக்கு ரைட்டராக வந்தவன்தான். கவர்னர் வரைக்கும் உயர்ந்தான். வாரன் ஹேஸ்டிங்ஸ் 1750-ல் வங்காளத்துக்கு வந்ததும் ரைட்டராகத்தான். எழுத வந்த இவர்கள் ஒழுங்காக எழுதிக்கொண்டே இருந்திருந்தால் நம் சரித்திரம் எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். ஒரே ஒரு ஆளைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். 1796-ல் சென்னைக்கு ரைட்டராக வந்த எல்லிஸ் துரை தமிழ் படித்தான். திருக்குறளை மொழிபெயர்த்து உரை எழுத உட்கார்ந்தான். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம், சம்ஸ்கிருதத்துக்குப் பிறந்தவை அல்ல என்று 1816-ல் அச்சிலே சொன்னான். அவன் மட்டும் அந்த உத்தியோகப் பெயருக்கு நியாயம் செய்தவன்.

கல்கத்தாவில் ரைட்டர்ஸ் பில்டிங் என்று ஒரு மாளிகை இருப்பதாக முதல் முதலில் கேள்விப்பட்ட போது எனக்குப் பொறாமையாக இருந்தது. வங்காளிகள் என்றால் வங்காளிகள்தான், எழுத்தாளர்களுக்கு இத்தனை பெரிய கட்டடமா! விசாரித்தால், 1777-ல் கும்பினி குமாஸ்தாக்களுக்காக எழும்பினது அது. பின்னால் வங்காள அரசாங்கத்தின் தலைமைச் செயலகமாயிற்று. 1930 டிசம்பர் 8-ஆம் தேதி பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று வாலிபர்கள் உள்ளே புகுந்து சுட்டது அங்கேதான். 2013-ல் செயலகத்தை ஹௌராவுக்கு மாற்றும்வரை அதிகாரிகள் அங்கே எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். கதை அல்ல, கோப்பு.

ஸ்காட்லாந்துக்காரர்களிடம் ரைட்டர் என்றால் வக்கீல். நாவலாசிரியர் ஸர் வால்டர் ஸ்காட்டின் தகப்பனார் அப்படி ஒரு ரைட்டர். 1786-ல் பிள்ளையைத் தம்மிடமே தொழில் பழக வைத்து, பத்திரங்களை நகல் எடுக்க விட்டார். ஆக, தகப்பன் ஒரு அர்த்தத்தில் ரைட்டர், பிள்ளை இன்னொரு அர்த்தத்தில். இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஸ்காட்டிடம் ஒரு உறவு முறையே ஏற்பட்டுவிட்டது. டிக்கன்ஸின் பிளீக் ஹௌஸ் நாவலில் ஒரு லா-ரைட்டர் வருகிறான். வக்கீல் காகிதங்களைக் கூலிக்கு நகல் எடுக்கிறவன். ஒரு வாடகை அறையில் அநாதையாகச் செத்துப் போகிறான். ஆனால் ஒரு சீமாட்டி எங்கேயோ ஒரு கோர்ட்டுக் காகிதத்தில் அவன் கையெழுத்தைப் பார்த்துத் திடுக்கிடுகிறாள். கதை முழுக்க அந்த ஒரு கணத்திலிருந்துதான் அவிழ்கிறது. பிறத்தியாருடைய வார்த்தைகளை எழுதினாலும், எழுத்து அவனுடையதுதானே?

கடற்படையில் கணக்கும் காகிதமும் பார்க்கிற சிப்பாய்க்கு இன்றைக்கும் ரைட்டர் என்றே பெயர். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பத்திரம் எழுதுகிறவரும் டாக்குமெண்ட் ரைட்டர். 2021-ல் ரைட்டர் என்றே ஒரு தமிழ்ப் படம் வந்தது. சமுத்திரக்கனி நடித்தது. என்னைப் போன்ற ஒருவரைப் பற்றிப் படம் எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று என் மனைவி சந்தோஷப்பட்டாள். போய்ப் பார்த்தால் அது அப்பாவின் படம். ஸ்டேஷன் ரைட்டர்.

புஸ்தகம் இயற்றுகிறவன் என்ற அர்த்தமும் அந்த வார்த்தைக்குப் பழசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக ஒரு ஓரத்தில் அது நின்றுகொண்டிருந்தது. மற்றவர்களெல்லாம் பிழைப்புக்குப் போய்விட்ட பிறகு, நாங்கள் வந்து திண்ணையை முழுசாகப் பிடித்துக்கொண்டோம்.

இதெல்லாம் பெரியவருக்கு விளக்கமாகச் சொல்லக்கூடிய விஷயமா? "இல்லீங்க, நான் கதை எழுதறவன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிராகாரத்தைச் சுற்றக் கிளம்பினேன்.

நான் வந்த காரியமே வேறு. புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் ரஸ்தாவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் இருக்கிறது இந்த ஊர். பழைய பெயர் திருவடுகூர். ஞானசம்பந்தர் பாடின ஸ்தலம். மத்திய அரசின் தொல்பொருள் துறைப் பராமரிப்பில் இருப்பதால் கோயில் சுத்தமாக, அமைதியாக இருக்கிறது. சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள். எழுதிக்கொண்டிருக்கும் நாவலுக்காக அவற்றை நேரில் பார்க்க வேண்டுமென்று ஆசை. படிக்கத் தெரியாது, பார்க்கத்தான் தெரியும். படிக்கத் தெரிந்த புண்ணியவான்கள் இருக்கிறார்கள். பாகூர்ப் புலவர் குப்புசாமி இந்தப் பக்கத்து ஊர்க் கோயில்களில் கல் கல்லாகத் தேடிச் சேகரித்தது, புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி ஸ்தாபனங்களின் பிரசுரமாகப் பெரிய புஸ்தகமாக வந்திருக்கிறது.

சோழர் காலத்து ஓலை எழுதுகிறவன் பதவிக்குத் திருமந்திர ஓலை என்று பெயர். ராஜா வாயால் சொன்னதை எழுத்தில் இறக்குகிறவன். அவனுக்கு மேலே ஓலைநாயகம். நிலம் கொடுத்தது, விளக்கெரிக்க ஆடு கொடுத்தது, வரி தள்ளினது என்று நீளமாகப் போகிற சாஸனங்களின் கடைசியில், அநேகமாக ஒருவன் தன் பெயரைப் போட்டு, "இவை என் எழுத்து" என்று முடிப்பான். தானம் அவனுடையது அல்ல, நிலம் அவனுடையது அல்ல, வார்த்தையும் அவனுடையது அல்ல. ஆனாலும் பின்னால் ஒரு வழக்கு வந்தால், ஆமாம், நான்தான் எழுதினேன் என்று நிற்க வேண்டியவன் அவன். தமிழில் கையெழுத்து என்றால் எழுத்தும் அதுதான், ஒப்பமும் அதுதான். இங்கிலீஷ்காரனுக்கு இரண்டும் வேறு வேறு.

சுவரைத் தடவிக்கொண்டே நடந்தபோது எனக்கு அப்பாவின் விரல் ஞாபகம் வந்தது. வலது கை நடுவிரலில், பேனா அழுந்தி அழுந்தி ஒரு சுண்டைக்காய் அளவுக்குக் காய்ப்பு. மூன்றாவது பிரதியிலும் எழுத்து விழ வேண்டுமே! அப்பாவுக்கு ஒரு முறை உண்டு. யாராவது புகார் சொல்ல வந்தால் முதலில் பேனாவைத் தொட மாட்டார். "அழுது முடி, அப்புறம் சொல்லு" என்பார். முழுக்கக் கேட்பார். பிறகு எழுதுவார். எழுதினதும் நிறுத்தி நிறுத்தி, வெண்கலக் குரலில் படித்துக் காட்டுவார். கையெழுத்துப் போடுகிறவர்கள் போடுவார்கள். மற்றவர்களுக்குப் பெருவிரல் ரேகை. ஒரு பிரதியை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார். இது அவருடைய நல்ல குணம் என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சட்டமே அப்படித்தான். 1973-ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 154-ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதுச் சட்டத்தில் 173-ஆவது பிரிவு. வாய்மொழியாகச் சொன்னதை எழுத வேண்டும், சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், கையொப்பம் வாங்க வேண்டும், நகலை இனாமாகக் கொடுக்க வேண்டும்.

அப்பா கடைசியாகப் படுக்கையில் இருந்த மாசம் ஒரு ராத்திரி, தூக்கம் வராமல், நான் கேட்காமலே சொன்னார். ஒரு பெண்பிள்ளை வந்தாளாம். புருஷனுடைய அண்ணன் அடித்துவிட்டான் என்று சொன்னாளாம். காது மடல் கிழிந்திருந்ததாம். அந்த அண்ணன் வேண்டப்பட்ட இடத்து மனிதன். மேலேயிருந்து ஒரு வார்த்தை வந்தது. "அடித்தான் என்பதற்குப் பதில், தள்ளுமுள்ளில் கீழே விழுந்துவிட்டேன்னு எழுதினேன்டா. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார் அப்பா.

"படிச்சுக் காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்கு ஒரு நாள்தான் படிச்சுக் காட்டலை" என்றார். ரேகை வாங்கும்போது அவள் கட்டை விரலை அவர்தான் பிடித்து மையில் அழுத்தினாராம். விரல் சில்லென்று இருந்ததாம். அதை இரண்டு தரம் சொன்னார்.

அப்பாவைப் பற்றி இதுவரை நான் எழுதினதில்லை. இப்போது எழுதினதும் அவருக்குப் படித்துக் காட்ட வழியில்லாமல்தான்.

பிராகாரத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தால், செருப்பு விட்ட இடத்தில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். அறுபது வயசிருக்கும். கையில் ஒரு முழு வெள்ளைத் தாள், நாலாக மடித்தது. மண்டபத்துப் பேச்சு பாதி காதில் விழுந்திருக்கிறது. விழ வேண்டிய பாதி விழவில்லை.

"ஐயா, ரைட்டருங்களாமே. ஸ்டேஷனுக்குக் குடுக்க ஒரு மனு எழுதித் தரணும்" என்றாள்.

நான் அந்த ரைட்டர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சிநேகிதர் கண்ணைக் காட்டினார், கிளம்பலாம் என்று. எனக்கு என்ன தோன்றிற்றோ, படியில் உட்கார்ந்துவிட்டேன். "சொல்லுங்கம்மா" என்றேன்.

அவளுடைய கொழுந்தன், வேலியைப் பிடுங்கி ஒரு முழம் இவள் பக்கம் தள்ளி நட்டுவிட்டான். கேட்கப் போனதற்கு வாய்க்கு வந்தபடி பேசி, இவள் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிட்டான். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்த முருங்கை இப்போது அந்தப் பக்கம் நிற்கிறது. விஷயம் இவ்வளவுதான். அவளுக்கு நிலத்தைவிட முருங்கைதான் பெரிதாகத் தெரிந்தது. எனக்கும் அப்படியே பட்டது.

எழுதினேன். பழக்கம் விடுமா? ஆதரவற்ற விதவையாகிய அடியாள் என்று ஆரம்பித்தேன். மண்வெட்டி பிடுங்கப்பட்ட இடத்தில் கண்ணீர் மல்கக் கெஞ்சியும் என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. திருப்தியாகத்தான் இருந்தது. பேனாவை மூடப் போனேன்.

"படிச்சுக் காட்டுங்க" என்றாள்.

படித்தேன். முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். "ஆதரவத்தவன்னா? எம் பொண்ணு இருக்கு. திருபுவனையிலே கம்பெனிக்குப் போவுது. மாசா மாசம் பணம் குடுக்குது. நாளைக்கி அது கேட்டா என்னா நினைக்கும்? அதை எடுத்துடுங்க."

அடித்தேன்.

"அப்புறம், நான் எங்கே அழுதேன்? கெஞ்சவும் இல்லே. நானும் நல்லா திட்டினேன். அவங்க ஆத்தா வரைக்கும் இழுத்துத் திட்டினேன். ஸ்டேஷன்லே அவன் அதைச் சொல்லுவான் இல்லே? நாமளே முதல்லே சொல்லிட்டா என்னா?"

நானும் பதிலுக்குத் திட்டினேன் என்று எழுதினேன். இத்தனை வருஷத்தில் எந்தப் பத்திரிகாசிரியரும் என் எழுத்தில் இவ்வளவு சரியாகக் கை வைத்ததில்லை. எத்தனை கதைகளில் எத்தனை பெண்களை, அவர்களைக் கேட்காமலே, கிணற்றடியிலும் அடுப்படியிலும் உட்கார்த்தி அழ வைத்திருக்கிறேன் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். கணக்கு எங்கேயோ போய்விடும் போலிருந்தது, நிறுத்திவிட்டேன். சிநேகிதர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

அடித்தல் திருத்தல் இல்லாமல் தாளின் பின்பக்கத்தில் நன்றாக எழுதிக் கொடுத்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு இருபது ரூபாய் நோட்டை நீட்டினாள். வேண்டாம் என்றேன். "ரைட்டர் கூலி, வாங்கிக்கணும்" என்று கையில் திணித்தாள். அதற்குள் சிநேகிதர், இனிமேலும் இந்தக் குழப்பம் நீடிக்கக் கூடாது என்று, "அம்மா, ஸார் ஸ்டேஷன் ரைட்டர் இல்லே. கதை எழுதறவரு. புஸ்தகத்திலே எல்லாம் வருமே, அது" என்று போட்டு உடைத்துவிட்டார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். ரூபாயைத் திருப்பிக் கேட்பாளோ என்று நினைத்தேன்.

"கதையா? தம்பி, இதிலே கதை ஒண்ணும் சேர்த்துடலியே?" என்றாள்.

"இல்லேம்மா."

"எதுக்கும் இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.